கொலு பூங்காவில் குட்டி மாம்பலம்!

குட்டீஸ்... கொலுப் படிகளில் எந்தப் பொம்மை எங்கே என்பதை அம்மாவும், பாட்டியும் முடிவு செய்து விடுவர். கீழே அமைக்கும் பூங்காதான் உங்கள் ராஜ்யம்! இந்த நவராத்திரிக்கு, மிருகக்காட்சி சாலைக்குப் பதிலாக, மேற்கு மாம்பலத்தையே செய்து பார்ப்போமா?

முதலில், அளவு. கோவில் கோபுரத்தைவிட கார் பெரிதாக இருந்தால், பார்ப்பவர் சிரிப்பார்களே! உங்கள் மனித பொம்மை 5 செ.மீ., உயரம் என்றால், நிஜ மனிதரைவிட ஏறக்குறைய 34 மடங்கு சிறியது. ஆகவே, 2 மீட்டர் கதவு 6 செ.மீ., இருக்க வேண்டும். 10 மீட்டர் தென்னை மரம் 30 செ.மீ., இருக்க வேண்டும்.

மாம்பலம் ரயில் நிலையத்தையும், தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை, 2023ல் திறக்கப்பட்டது. நீளம் 570 மீட்டர். இதே கணக்கில் செய்தால், கிட்டத்தட்ட 17 மீட்டர் வரும். கூடத்தில் அடங்குமா? அதனால், நீளத்தை மட்டும் குறையுங்கள்; உயரத்தையும், படிகளையும் குறைக்காதீர்கள். பார்த்ததும் அடையாளம் தெரிந்து விடும்.

இனி, பொருட்கள். பற்பசை அட்டைப்பெட்டி கடையாகும்; செருப்புப் பெட்டி ரயில் நிலையமாகும். எரிந்த தீக்குச்சிகள் வேலி. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைக் கிள்ளி ஒட்டினால் புதர். வடிகட்டிய தேயிலையை நன்றாகக் காய வைத்துத் தூவினால் மண் தரை. கண்ணாடியின் ஓரங்களை மணலால் மறைத்தால் கோவில் குளம்! தெர்மாகோலுக்கு தண்ணீரில் கரையும் வண்ணமே பூச வேண்டும். தின்னர் கலந்த பெயின்ட் பட்டால், அது கரைந்து குழியாகி விடும்.

புல்லுக்கு கடுகு அல்லது கேழ்வரகு. இரவு ஊற வைத்து, நவராத்திரிக்கு 5 நாட்களுக்கு முன் தட்டு மண்ணில் விதையுங்கள். தாமதித்தால், சுண்டலுக்கு வருபவர்கள் வெறும் மண்ணைத்தான் பார்ப்பர். தண்ணீரைத் தெளித்தால் போதும். ஊற்றினால் அழுகி விடும். உயரமாக வளர்ந்தால், கத்தரிக்கோலால் வெட்டி விடலாம்.

இப்படிக் குட்டி ஊர் அமைப்பதில் பெரியவர்களுக்கும் ஆசை உண்டு. கால இயந்திரக் கதை எழுதிய எச்.ஜி.வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களை வைத்துத் தரையில் போர் விளையாடினார். மரக்கட்டைகளை வீடாக்கி, குச்சிகளை மரமாக்கி ஆடிய அந்த விளையாட்டின் விதிகளை, 1913ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகமாகவும் வெளியிட்டார்!

பிளேடு வேலையையும், சீரியல் விளக்கு இணைப்பையும் பெரியவர்களிடம் விட்டு விடுங்கள். விளக்கு ஒயர், ஈர மண்ணில் படவே கூடாது. விஜயதசமி முடிந்ததும், கட்டடங்களைப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆண்டு, இன்னொரு தெரு சேர்க்கலாமே!