கேமராவும் செக்கிங் டேபிளும்



நம்மில் போட்டோ எடுக்காதவர் யாருமில்லை. எடுத்ததை நண்பனிடம் நீட்டினால் "சூப்பர்டா" என்பான். அதோடு முடிந்தது. அந்தச் 'சூப்பர்' நமக்கு ஒன்றும் கற்றுத் தராது என்பதை நஞ்சராயன் குளத்துக் கரையில்தான் நான் தெரிந்து கொண்டேன்.

திருப்பூருக்கு வடக்கே சுமார் 10 கி.மீ. தூரத்தில் இருக்கிறது அந்தக் குளம். 2022-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்து விட்டது. 191 வகைப் பறவைகள் பதிவாகியுள்ளன. இமயமலையைத் தாண்டி பட்டைத்தலை வாத்து கூட வருகிறது. திருப்பூர் என்றாலே சாயத்தண்ணி என்று கேலி பேசுவோர் ஒருமுறை வந்து பார்க்கட்டும்!

ஞாயிறு காலையில் அங்கே கேமராவோடு சிலர் வருவார்கள். ஒரு கட்டிங் மாஸ்டர், ஒரு மருந்துக்கடைக்காரர், ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருவர். வெயில் ஏறியதும் டீக்கடை பெஞ்சில் கேமராக்கள் கை மாறும். ஒருவர் எடுத்ததை மற்றவர் பார்த்துக் குறை நிறை சொல்வார்கள். ஸ்டுடியோ வைத்திருக்கும் மாமாவிடம் இரவல் வாங்கிய பழைய கேமராவோடு நானும் போனேன். முதலில் காட்டியது ஒரு கொக்கு.

"கொக்கு எங்க தம்பி? கொடியில வேட்டி காயற மாதிரியில்ல இருக்குது" என்றார் கட்டிங் மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு மாதம் அந்தப் பக்கமே நான் போகவில்லை.

காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். எதைக் காட்டினாலும் "நல்லாருக்குது கண்ணு" என்பார் அம்மா. அரியர் விழுந்த டிராயிங் ஷீட்டுக்கும் அதே பதில்தான்! குறை சொல்லிக் கேட்டுப் பழக்கமில்லை.

அப்போதுதான் வகுப்பில் துணிக்கான நாலு பாயின்ட் முறை நடத்தினார்கள். 3 அங்குலம் வரை குறை இருந்தால் 1 பாயின்ட், 9 அங்குலத்தைத் தாண்டினால் 4. துணி மட்டம் என்று சொன்னால் போதாது, குறை எங்கே, எவ்வளவு என்று சொல்ல வேண்டும். அம்மாவும் செக்கிங் டேபிளில் அதைத்தானே செய்கிறார்? பனியனைத் தூக்கி எறிவதில்லை, குறை உள்ள இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புகிறார்.

மறுபடி போனேன். மாஸ்டரே பொறுமையாக விளக்கினார். கேமரா எதையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டு வரத்தான் பார்க்கும். கறுத்த தண்ணீர் நிறைய இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டிவிடும். நடுவில் நிற்கும் வெள்ளைக் கொக்கின் இறகெல்லாம் அழிந்து போகும். ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்தால் இறகு தெரியும். பறப்பதை எடுக்க 1/1000 வினாடியாவது வேண்டும். நின்றபடி எடுக்காமல், பறவையின் கண் மட்டத்துக்குக் குனிய வேண்டும். இதையெல்லாம் அந்தப் பெஞ்சில்தான் கற்றேன்.

இது புது வழக்கமும் அல்ல. 1839-ல் போட்டோகிராபி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1850-களிலேயே பம்பாய், கல்கத்தா, சென்னையில் போட்டோ சங்கங்கள் வந்துவிட்டன. சென்னைச் சங்கத்துக்கு முன்னின்றவர், 1850-ல் ஓவியப் பள்ளி தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர்.

ஒருநாள் புதிதாக வந்த ஒருவர் கூட்டில் இருக்கும் குஞ்சுகளின் படம் காட்டினார். அருமையான படம். யாரும் பாராட்டவில்லை. "மறைச்சிருந்த கிளைய யாருங்க ஒடிச்சது?" என்று மட்டும் வாத்தியார் கேட்டார். மறைப்புப் போனால் வெயிலும் காக்காயும் குஞ்சை விடாது. அவர் அந்தப் படத்தை அங்கேயே அழித்தார்.

சென்ற மாதம் அம்மா வீட்டில் பிசிர் வெட்டுவதை எடுத்தேன். பெஞ்சில் காட்டியபோது, "காலண்டர், டிவி எல்லாம் இருக்குது, கை எங்க தம்பி?" என்றார்கள். திரும்ப எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் கையும் கத்திரியும் பனியனும் மட்டும். இந்த முறை மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, பிரிண்ட் போடச் சொன்னார்.

பிரிண்டை அம்மாவிடம் கொடுத்தேன். "நல்லாருக்குது கண்ணு" வரும் என்று காத்திருந்தேன். அம்மா அதை டியூப்லைட்டுக்கு அடியில் கொண்டு போய், கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு படத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க ஊசி ஓட்டை விழுந்திருக்குது பாரு. இத எப்படி உட்டேன்?"