தொங்கும் பாதத்துக்கு ஒரு தாங்கி

1977, 1978 ஆம் ஆண்டுகளில் எமது நாட்டின் தேயிலைத் தோட்டங்களில், புதிதாக வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் சிலருக்கு நடை கெட்டது. அவர்களுள் 20 பேரைப் பற்றி வைத்திய கலாநிதிகள் சேனாநாயக்கவும் ஜெயரத்தினமும் ஆராய்ந்து, 1981 இல் தாம் கண்டதை வெளியிட்டனர். காரணம் நல்லெண்ணெய். பிள்ளை பெரியவளானதும் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது எம்மவர் வழக்கம். உடம்பு உறுதிப்படட்டும் என்று தாய்மார் ஆசையோடு கொடுத்த அந்த எண்ணெயில் 'ட்ரைகிரெசில் பொஸ்பேட்' என்ற நஞ்சு கலந்திருந்தது. முன்பு இயந்திர எண்ணெய் இருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்ததால் அது கலந்திருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர்.

எண்ணெயிலோ வழக்கத்திலோ குற்றமில்லை, குற்றம் தகரத்தில். இதை இன்றும் சொல்லக் காரணம் உண்டு. வீடு வாசலை விட்டு வந்த குடும்பங்களில் கைக்கு அகப்பட்ட கான்தான் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் பாத்திரமாகிறது. மொரோக்கோ நாட்டில் 1959 இல் இதே வகை நஞ்சு, விமான இயந்திர எண்ணெய் வழியாகச் சமையல் எண்ணெயில் கலந்தது. சுமார் 10,000 பேர் கால் கை தளர்ந்து போனார்கள். பயிருக்கு அடிக்கும் சில கிருமிநாசினிகளும் நரம்பை இதே விதமாகத் தாக்குவன. மெதமிடோபொஸ் நஞ்சேறியவர்களில் இத்தகைய நரம்புத் தளர்ச்சியை இலங்கை வைத்தியர்கள் 1982 இல் எழுதினர். அம்மருந்து 1995 இல் நாட்டில் தடைசெய்யப்பட்டது. மருந்துக் கானை எத்தனை முறை கழுவினாலும் அது மருந்துக் கான்தான். அதை அடுப்படிக்குக் கொண்டுவர வேண்டாம்.

இந்த நஞ்சு உடனே காட்டிக் கொள்வதில்லை. ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழிந்த பின் கெண்டைக்காலில் வலியும் விறுவிறுப்பும் தொடங்கும். பிறகு பாதத்தைத் தூக்க முடியாது. முதுகுத் தண்டிலிருந்து பாதம் வரை போகும் நரம்பு உடம்பிலேயே நீளமானது. வாய்க்காலின் கடைசி வயலுக்குத்தான் முதலில் தண்ணீர் குறையும் அல்லவா? அதுபோலப் பாதமே முதலில் தளர்கிறது. நடக்கும்போது விரல் நுனி தரையில் இழுபடும். அதைத் தவிர்க்க முழங்காலை உயரத் தூக்கிப் பாதத்தைத் 'தொப்' என்று போடுவார்கள். ஒரு வேர், ஒரு கல், ஒரு ஈரப்படி போதும், ஆள் விழுந்துவிடுவார்.

கால் நரம்பு திரும்ப வளரக் கூடியது. ஆனால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான் வளரும். முழங்காலிலிருந்து பாதம் வரை வருவதற்கு ஒரு வருடமும் ஆகலாம். அந்த ஒரு வருடம் பாதத்தைத் தொங்கவே விட்டால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தடித்த நார் சுருங்கிவிடும். பிறகு நரம்பு உயிர் பெற்று வந்தாலும் பாதம் மடங்காது. ஆகவே, "நரம்பு வரட்டும், பார்ப்போம்" என்று காத்திருப்பது தவறு. காத்திருக்கும் காலத்துக்குத்தான் தாங்கி தேவை. நாள்தோறும் பாதத்தை முழங்காலை நோக்கி மெதுவாக மடித்துவிடும் பயிற்சியும் தேவை.

தாங்கி என்பது பெரிய இயந்திரம் அல்ல. முழங்காலுக்குச் சற்றுக் கீழே தொடங்கி, கெண்டைக்காலின் பின்புறமாக இறங்கி, உள்ளங்காலுக்கு அடியில் முடியும் 'ட' வடிவப் பிளாஸ்ரிக் தகடு அது. காலைப் பரிஸ் சாந்தில் அச்செடுத்து, சூடாக்கிய பிளாஸ்ரிக்கை அந்த அச்சின்மேல் படியவைத்துச் செய்கிறார்கள். மேலே ஒரு பட்டி. அதைச் சப்பாத்துக்குள் வைத்து அணிய வேண்டும். போலியோ வந்த பிள்ளைகளுக்கு இரும்புக் கம்பியும் தோல் பட்டியும் வைத்துக் கட்டிய 'கலிப்பரை' மூத்தவர்கள் அறிவார்கள். இது அதன் இலேசான தங்கை எனலாம்.

எமது வாசகர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தாங்கி செய்யும் அறையின் தரை சமதரை. எமது லயன் வாசலோ சரிவு. வயலும் வரம்பும் பழகி இங்கு வந்தவர்களுக்கு இந்த மலைப்படி நல்ல காலோடும் கடினம். கணுக்காலை அசையவிடாத கெட்டித் தாங்கியை அணிந்து மலை ஏறினால் குதிகால் கிளம்பும். இறங்கினால் முழங்கால் முன்னே தள்ளப்பட்டு மடங்கும். பாதத்தைத் தூக்க மட்டும் முடியாதவருக்கு, வளைந்து கொடுக்கும் மெல்லிய தாங்கியோ, கணுக்காலில் கீல் வைத்த தாங்கியோ மலைக்கு ஏற்றது. கால் விறைத்து இறுகும் ஆளுக்கு மெல்லியது போதாது. எண்ணெய் நஞ்சுக்கு ஆளானவர்களில் சிலருக்கு வருடங்கள் சென்றபின் தளர்ச்சி குறைந்து, விறைப்புத் தோன்றுவதுண்டு. முதுகுத் தண்டும் பாதிக்கப்பட்டிருப்பதே காரணம். எது பொருந்தும் என்று தீர்மானிப்பது வைத்தியரும் தாங்கி செய்பவரும். ஆனால் "நான் மலையில் இருக்கிறேன், ஒரு நாளைக்கு இத்தனை படி ஏறி இறங்குகிறேன், கொழுந்துக் கூடை சுமக்கிறேன்" என்று நாம் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். கேட்கவில்லையே என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

செருப்பும் அப்படியே. ஒரு குறிப்பிட்ட குதி உயரத்துக்கே தாங்கி செய்யப்படுகிறது. குதி தாழ்ந்த பாட்டாச் செருப்போடு அதை அணிந்தால் முழங்கால் பின்னுக்குத் தள்ளப்படும். தாங்கி சில வீடுகளில் தட்டில் தூசி பிடித்துக் கிடப்பதற்கு மனமின்மையைவிடப் பொருத்தமான சப்பாத்து இல்லாமையே காரணம் என்று எமக்குத் தோன்றுகிறது. அளவெடுக்கப் போகும்போதே அணியப்போகும் சப்பாத்தையும் கொண்டு போங்கள்; பின்புறம் மூடியதாகவும், சற்றுப் பெரியதாகவும், பட்டியோ கயிறோ உள்ளதாகவும் இருக்கட்டும். உள்ளே பருத்திக் காலுறை வேண்டும். முதல் நாள் ஒரு மணித்தியாலம் போதும். பிறகு மெல்ல மெல்லக் கூட்டலாம். கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணித்தியாலம் கடந்தும் மாறாவிட்டால் அணிவதை நிறுத்தி, செய்தவரிடம் திரும்பக் கொண்டு போக வேண்டும். வீட்டில் நெருப்பில் காட்டி வளைக்க வேண்டாம்.

தள்ளாடுவோர் எல்லாருக்கும் இந்தத் தாங்கி உதவாது. கண், உட்காது, உள்ளங்காலின் உணர்ச்சி ஆகிய மூன்றும் அனுப்பும் செய்தியைச் சிறுமூளை சேர்த்துப் பார்த்துத்தான் நாம் நிமிர்ந்து நிற்கிறோம். சலரோகத்தாலோ தொழுநோயாலோ பாதம் மரத்தவர் பகலில் ஒருவாறு நடப்பார், இருட்டில் விழுவார். கால் செய்யாத வேலையைக் கண் செய்து வந்தது. இருட்டில் அதுவும் இல்லை. இவர்களுக்கு இரவில் ஒரு விளக்கும், அடிப்பாகம் மென்மையான பாதணியும் பெரிய உதவி. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வைத்தியர் போல் பிராண்டும் கூட இருந்தவர்களும் தொழுநோயாளருக்காக மென்றப்பர்ச் செருப்பைப் பரவச் செய்தது புண் வராமல் காக்கவே. அணியுமுன் உள்ளே கல், முள் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

சிறுமூளை கெட்டவர் குடித்தவர் போலக் கால் அகட்டி நடப்பார். (குடியே சிறுமூளையைக் கெடுப்பதும் உண்டு.) இடுப்புக்கோ உடலுக்கோ பாரம் சேர்த்த பட்டி சிலருக்குத் தள்ளாட்டத்தைக் குறைக்கிறது, சிலருக்குக் குறைப்பதில்லை. துணைக்கு வருபவர் பிடித்துக்கொள்ள வாகாகக் கைபிடி தைத்த இடுப்புப் பட்டி கூடுதல் பயன் தரும். வலிப்பு மாத்திரையின் அளவு கூடினாலும் இப்படித் தள்ளாடும். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். திடீரென ஒரு நாளில் தள்ளாட்டம் வந்தால் அது பாரிசவாதமாக இருக்கலாம். தாங்கியைப் பற்றி யோசிக்காமல் உடனே பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தளர்ந்த கால் முதலில். கைத்தடி நல்ல கால் பக்கத்துக் கையில் இருக்கட்டும். லயன் படிக்கட்டில் ஒரு மூங்கிலைக் கைபிடியாகக் கட்டுவது அரை நாள் வேலை.

தோட்ட வைத்தியசாலையில் பாதத்தைக் காட்டி, கண்டி போன்ற பெரிய வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள். புனர்வாழ்வு வைத்தியசாலைகள் திகனையிலும் றாகமையிலும் உள்ளன. வடக்குக்குத் திரும்பும் குடும்பங்கள் 1987 முதல் இயங்கும் யாழ்ப்பாண ஜெய்ப்பூர் நிலையத்தை நாடலாம். செயற்கைக் காலோடு தாங்கிகளும் அங்கு செய்யப்படுகின்றன. வளரும் பிள்ளைக்கு ஒருமுறை வாங்கியது போதாது. கால் வளர வளரத் தாங்கி கடிக்கும். அடுத்து எப்போது வரவேண்டும் என்ற திகதியை அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள்.