நீரை ஏற்காத நூல்

மழைக்காலத்தில் பாலியெஸ்டர் சேலை கொடியில் போட்டதும் காய்ந்துவிடுகிறது. அதே சேலை சித்திரை வெயிலில் உடம்போடு ஒட்டிப் புழுங்க வைக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்தே வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வாங்குவதில்லை.

இந்தப் பிடிவாதம் முதலில் செய்த பாலியெஸ்டர்களிடம் இல்லை. 1930-களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸின் குழு அமிலத்தையும் ஆல்கஹாலையும் கோத்து நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் செய்தது. நூலாக இழுக்க வந்தது. ஆனால் கொஞ்சம் சூட்டிலேயே உருகியது, வெந்நீரில் சிதைந்தது. கரோதர்ஸ் அதைக் கைவிட்டு நைலானுக்குப் போனார்.

அந்தக் கைவிட்ட வழியில் மீண்டும் நடந்தவர்கள் இங்கிலாந்தின் ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டிக்சனும். ஆண்டு 1941. அவர்கள் மாற்றியது அமிலத்தை மட்டும்தான். டெரிப்தாலிக் அமிலத்தின் நடுவே ஆறு கார்பன் அணுக்களாலான வளையம் இருக்கிறது. பிணைப்புக்கான இரு முனைகளும் அதன் நேரெதிர்ப் பக்கங்களில் நிற்கின்றன. அதனால் சங்கிலி விறைப்பாக, நேராக வளர்கிறது. நேரான விறகுகளைக் கட்டினால் இடைவெளி இல்லாமல் அடங்குமே, அப்படி இச்சங்கிலிகள் நெருங்கி அடங்குகின்றன. உருகுநிலை 260 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறியது. ஒரு வளையத்தைச் சரியான இடத்தில் வைத்துப் பார்த்த இந்த யோசனை, வேதியியலின் மிக அழகான யோசனைகளில் ஒன்று என்பேன். பிரிட்டனில் அது டெரிலின் ஆயிற்று, அமெரிக்காவில் டேக்ரான்.

இப்படி நெருங்கி அடங்கி, தண்ணீருக்கே இடம் தராத நூலில் சாயம் எளிதில் ஏறுமா? அழுத்தக் கலன்களில் 130 டிகிரி வரை சூடேற்றித்தான் ஏற்றுகிறார்கள். வியர்வை நீரை நூல் உறிஞ்சாது. எண்ணெய்ப் பசையை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளும். சட்டையில் வாடை தங்குவது அதனால்தான். துவைக்கும்போது உதிரும் நுண்ணிழைகள் ஆற்றிலும் கடலிலும் எளிதில் மட்குவதில்லை. நம் ஊர் வெயிலில் பள்ளிச் சீருடைக்குப் பாலியெஸ்டர் மிகுந்த துணியைத் தேர்ந்தெடுப்பது குழந்தைகளை வதைப்பதுதான். சுருங்காது, சாயம் போகாது, நீடித்து உழைக்கும் என்பதெல்லாம் உண்மை. அந்த வசதி பெரியவர்களுக்கு; புழுக்கம் பிள்ளைகளுக்கு.

ஆனால் இதே பிடிவாதம் தேவைப்படும் இடமும் உண்டு. 1950-களில் ஹூஸ்டன் நகர அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி, பழுதான ரத்தக் குழாய்க்கு மாற்றுச் செய்ய நைலான் துணி தேடிக் கடைக்குப் போனார். நைலான் தீர்ந்திருந்தது. கிடைத்த டேக்ரானை வாங்கிவந்து தையல் இயந்திரத்தில் குழாயாகத் தைத்தார். வெதுவெதுப்பான ரத்தம் ஓயாமல் ஓடினாலும் எளிதில் நைந்துபோகாத துணி அது. அதன் நெசவுக் கண்களில் உடலின் திசு வளர்ந்து பற்றிக்கொள்கிறது. 97 வயதில் டிபேக்கியின் பெருந்தமனியே கிழிந்தது; 2006-இல் அவருக்கும் டேக்ரான் குழாயைத்தான் பொருத்தினார்கள். இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் வாழ்ந்தார்.