வரையாடும் நமது ஆட்டுப்பட்டியும்

இடம்பெயர்ந்து திரும்பும் குடும்பம் இரண்டு மூன்று ஆடுகளோடுதான் மீண்டும் பட்டியைத் தொடங்குகிறது. கரடியனாற்றுப் பகுதியில் 2007இன் பின் நாம் கண்டதும் இதுவே. சிறிய மந்தைக்குள் மறைந்திருக்கும் ஆபத்து ஒன்றை விளங்கிக்கொள்ள, தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு நமக்கு உதவும்.

இவ்விலங்கு தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலைகளில் மட்டுமே வாழ்கிறது. வேட்டையாலும், புல்வெளிகள் தேயிலைத் தோட்டங்களானதாலும் அதன் மந்தைகள் சிதறித் தனித்தனிக் குன்றுகளில் ஒதுங்கின. 2025இல் இரு மாநிலங்களும் சேர்ந்து கணக்கெடுத்தபோது 2,668 வரையாடுகளே இருந்தன.

ஒதுங்கிய சிறு மந்தையில் இரத்த உறவுள்ளவை தமக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்கின்றன. இதனால் குட்டிகள் நலிந்து பிறக்கலாம். நோயை எதிர்க்கும் வலிமையும் குறையலாம். கண்ணுக்குத் தெரியாத இந்த நெருக்கத்தை எப்படி அறிவது?

உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. நான்கு எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட ஏடு போன்றது. அதில் சில இடங்களில் ஒரே சிறு தொடர் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது விலங்குக்கு விலங்கு மாறும். பாதி தாயிடமிருந்தும் பாதி தகப்பனிடமிருந்தும் வரும் இவ்விடங்களே மரபணு அடையாளங்கள். விலங்கைப் பிடிக்கத் தேவையில்லை. புழுக்கையில் ஒட்டியிருக்கும் குடலின் உயிரணுக்களே போதும். அடையாளங்கள் பலவிதமாயிருந்தால் மந்தை வளமானது. ஒரேவிதமாயிருந்தால் உறவு நெருங்கிவிட்டது. எந்தக் குன்றுகளுக்கிடையே பாதை திறக்க வேண்டும், எந்த மந்தைகளைக் கலக்காமல் காக்க வேண்டும் என்பதையும் இவற்றைக் கொண்டு தீர்மானிக்கலாம்.

டி.என்.ஏ. ஆராய்ச்சி நமது எண்ணத்தையே மாற்றியதும் உண்டு. பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்களான ரோபிக்கே, அசனின் ஆகியோர் 2005இல், வரையாடு இமயமலைத் தாரைவிடச் செம்மறியாட்டுக்கே நெருங்கிய உறவு என்று காட்டினர்.

நம்மிடம் ஆய்வுகூடம் இல்லை. ஆனால் ஒரு கொப்பி போதும். எந்தக் குட்டிக்கு எந்தக் கிடாய் தகப்பன் என்று எழுதி வைப்போம். கிடாய்க் குட்டிகளை நான்கு மாதத்துக்கு முன்பே மறிகளிடமிருந்து பிரிப்போம். ஒரு கிடாயின் பெண் குட்டிகள் பருவமடையுமுன் அதை அயலூர்க் கிடாயோடு மாற்றிக்கொள்வோம். மாற்றுமுன் மிருக வைத்தியரிடம் காட்டுவது நல்லது.

மலையில் அரசுகள் பெருஞ்செலவில் செய்வதை, ஊரோடு ஊர் கைகோத்தால் நாமும் செய்யலாம். இறைவன் படைப்பில் வைத்த பலவகைமையே மந்தைக்குக் காவல்.