செயின் மாற்றும்போது விரல் பத்திரம்!

‘மரம் அறுக்கும் மெஷினில் செயினை நாமே மாற்றலாமா?’ என்று ஆரணிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நிலத்தோடு வீட்டில் பட்டுத்தறியும் உண்டாம். தாராளமாக மாற்றலாம். ஆனால், விரலில் வெட்டுப்பட்டால் தறியும் நிற்கும். காயம் ஆறிய பிறகும் சொரசொரப்பான தோலில் பட்டு இழை சிக்கும் என்பது நெசவாளருக்குத் தெரியாததல்ல.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் தென்னைகளைச் சாய்த்தபோது, இந்த மெஷின்கள் ஓயாமல் ஓடின. விழுந்த மரத்தில் மண்ணும் கல்லும் ஒட்டியிருக்கும். செயின் சீக்கிரம் மழுங்கும். அதனால் வேலை நடக்கும் இடத்திலேயே, அவசரத்தில் செயின் மாற்ற வேண்டிவரும்.

மெஷினை நிறுத்திவிட்டோமே என்று உடனே கை வைக்காதீர்கள். நின்ற செயினும் கத்திதான். புதுச் செயின் இன்னும் கூர்மை. புகைபோக்கியும் செயினும் ஆறட்டும். பெட்ரோல் மெஷினில் ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி மெஷின்தான் அதிக ஆபத்து. சத்தமே இல்லாமல் இருக்கும், விசையில் விரல் பட்டால் ஓடிவிடும். பேட்டரியை எடுத்துத் தள்ளி வையுங்கள். மின்சார மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்குங்கள். கைக்குத் தோல் கையுறை வேண்டும். துணி உறை பல்லில் மாட்டிக் கிழியும்.

முதலில் செயின் பிரேக்கை விடுவியுங்கள். பிறகு பக்க மூடியின் நட்டைக் கழற்றி, டென்ஷன் திருகைத் தளர்த்தினால் பழைய செயின் வந்துவிடும். பாரின் பள்ளத்தில் அடைந்திருக்கும் தூளைச் சுரண்டி எடுங்கள். புதுச் செயின் வாங்கும்போது ‘18 இன்ச்’ என்று மட்டும் கேட்டால் போதாது. பாரில் பொறித்திருக்கும் பிட்ச், தடிமன், பள்ளத்தில் ஓடும் கண்ணிகளின் எண்ணிக்கை மூன்றும் பொருந்த வேண்டும்.

பலர் தவறுவது திசையில்தான். பாரின் மேல்பக்கத்தில் பற்களின் கூர்முனை பாரின் நுனியைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் மரம் அறுபடாது, புகைதான் வரும்; மனிதர் மெஷினை அழுத்துவார், அதுதான் ஆபத்து.

நட்டை விரலால் மட்டும் முடுக்கி, பாரின் நுனியைத் தூக்கிப் பிடித்தபடி டென்ஷன் திருகைத் திருகுங்கள். அடிப்பக்கத் தொய்வு நீங்கியதும், நுனியை இறக்காமலே நட்டை இறுக்குங்கள். கையுறையோடு இழுத்தால் செயின் தடையின்றி நகர வேண்டும். தொய்ந்த செயின் ஓட்டத்தில் கழன்று வீசும்.

புதுச் செயின் முதல் சில வெட்டுகளிலேயே நீளும். மெஷினை நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி பாருங்கள். சூடாக இருக்கும்போது இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் தளர்த்தி வையுங்கள். ஆறும்போது செயின் சுருங்கி மெஷினின் தண்டைக் கெடுத்துவிடும்.