திரைக்குள் விரியும் தேசங்கள் – 7: ஓரியின் வில்லும் ஸ்கைரிம் பனியும்

சென்ற வாரம் ‘வெண்பா’வைப் பார்த்தோம். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக்குள் நடக்கும் கதை அது. 2023-ல் வந்த அந்த கேமை ஒரே மாலையில் ஆடி முடித்துவிடலாம். இந்த வாரம் நாம் பார்க்கப்போவது மாதக்கணக்கில் ஆடினாலும் முடியாத ஒன்றை: ‘ஸ்கைரிம்’.

சேலம், நாமக்கல் சமவெளியில் வளர்ந்தவர்களுக்கு இந்த வகை விளையாட்டின் ருசி சீக்கிரம் பிடிபடும். சேலத்திலிருந்து பார்த்தால் சேர்வராயன், கஞ்சமலை; ராசிபுரம் பக்கம் போதமலை; சேந்தமங்கலத்தைத் தாண்டினால் கொல்லிமலை. எங்கே நின்றாலும் தூரத்தில் ஒரு மலை கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ‘அங்கே என்ன இருக்கும்?’ என்று கேட்காத பிள்ளை இந்தப் பக்கத்தில் கிடையாது. இஷ்டப்படி சுற்றித் திரியவிடும் ஓப்பன் வேர்ல்டு கேம்கள் எல்லாமே அந்தக் கேள்வியின் மேல் கட்டப்பட்டவைதான்.

அமெரிக்காவின் பெதஸ்தா நிறுவனம் 1994-ல் ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வரிசையைத் தொடங்கியது. அதில் ஐந்தாவதாக 2011 நவம்பர் 11 அன்று வெளியானது ஸ்கைரிம். 2023-க்குள் ஆறு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது. கைகள் கட்டப்பட்டு, தலையை வெட்டக் கொண்டுபோகும் வண்டியில் நீங்கள் கண் விழிப்பதில் கதை தொடங்குகிறது. வெட்டுப்பாறையில் தலை வைத்த நேரத்தில் டிராகன் ஒன்று வந்து ஊரையே கொளுத்த, தப்பித்துக் குகை வழியாக வெளியே வருகிறீர்கள். எதிரே பனி மலை, ஆறு, காடு. இனி எந்தப் பக்கம் போவது என்பது உங்கள் இஷ்டம். புதியவர்களில் பலர் திணறுவதும் விட்டுவிட்டுப் போவதும் இந்த இடத்தில்தான். அவர்களுக்காகச் சில யோசனைகள்.

முடிக்க வேண்டும் என்று ஆடாதீர்கள்

டிராகன் கதையான மெயின் குவெஸ்ட் எத்தனை நாள் கழித்துத் திரும்பினாலும் அங்கேயே காத்திருக்கும். அதை மட்டும் விரட்டி ஓடினால் ஸ்கைரிமின் கால்வாசியைக்கூடப் பார்க்க மாட்டீர்கள். முதல் கிராமமான ரிவர்வுட்டில் நிதானமாகச் சுற்றுங்கள். அங்கே ஒரு கடையில் தங்க நகம் ஒன்று திருட்டுப் போயிருக்கும். அதைத் தேடி மலைமேல் இருக்கும் பழைய சமாதிக்குள் போனால், கடைசியில் மூன்று வளையங்கள் கொண்ட கல் கதவு மறிக்கும். ஒவ்வொரு வளையத்திலும் விலங்கு, பறவைச் சின்னங்கள். எந்த வரிசையில் திருப்புவது? பையைத் திறந்து அந்த நகத்தை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். விடை அதன் உள்ளங்கையில் செதுக்கப்பட்டிருக்கிறது. கையில் இருக்கும் பொருளைத் திருப்பிப் பார், பிறகு யோசி என்ற பாடத்தை இந்த கேம் தன் முதல் பெரிய குகையிலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறது.

வில்லை எடுங்கள்

எந்தக் கேரக்டரைத் தேர்ந்தெடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எதைச் செய்கிறீர்களோ அதில்தான் தேர்ச்சி வளரும்: வாள் வீசினால் வாள், மந்திரம் போட்டால் மந்திரம், பதுங்கி நடந்தால் பதுங்கல். மொத்தம் 18 திறமைகள் இருந்தாலும் முதலில் இரண்டைப் பிடித்துக்கொண்டால் போதும்.

தொடக்கக்காரர்களுக்கு நான் சொல்வது வில்லும் பதுங்கலும். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்ததைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். ஆடி மாதம் செம்மேட்டில் அந்த ஓரிக்கு விழா எடுக்கும் மண் இது. வில்லை எடுக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குனிந்து நடக்கும்போது திரையின் நடுவில் ஒரு கண் தெரியும். அது மூடியிருந்தால் எதிரி உங்களைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அந்த நேரத்தில் விடும் அம்புக்கு இரண்டு மடங்கு பலம். பதுங்கலில் ‘டெட்லி எய்ம்’ என்ற பெர்க்கை (கூடுதல் திறனை) வாங்கிவிட்டால் மூன்று மடங்கு. அடி வாங்காமல், தள்ளி நின்று, யோசித்துச் சண்டை போட இதைவிட நல்ல வழி கிடையாது.

ஓடுவது அவமானம் அல்ல

ஒயிட்ரன் நகரத்துக்கு வெளியே, உரோமம் அடர்ந்த மாமூத் யானைகளை மேய்த்தபடி ராட்சதர்கள் நிற்பார்கள். நீங்கள் நெருங்காதவரை அவர்களும் வம்புக்கு வர மாட்டார்கள். நெருங்கினால் முதலில் மிரட்டுவார்கள். அப்போதே விலகிவிட வேண்டும். மீறி நின்றால் தடியின் ஒரே அடியில் உங்கள் கேரக்டர் வானத்தில் பறக்கும். கண்ணில் பட்ட எல்லோரையும் அடித்தாக வேண்டும் என்பது இங்கே செல்லாது. பத்து லெவல் கூடிய பிறகு திரும்பி வாருங்கள்.

மூட்டையைக் குறையுங்கள்

தொடக்கத்தில் நீங்கள் சுமக்க முடிந்த எடை 300. அதைத் தாண்டினால் ஓட முடியாது. கண்ட ஊருக்குச் சட்டென்று தாவும் ஃபாஸ்ட் டிராவலும் வேலை செய்யாது. துடைப்பம், தட்டு, இரும்புக் கவசம் என்று கிடைப்பதையெல்லாம் அள்ளாமல், எடை குறைந்து விலை கூடியதை மட்டும் எடுங்கள்: மோதிரம், ரத்தினம், மருந்து. செடிகளை மட்டும் தாராளமாகப் பறிக்கலாம். மூலிகைக்குப் பேர்போன கொல்லிமலைக்காரர்களுக்கு இந்தப் பகுதி ரொம்பவே பிடிக்கும். நீல நிற மலைப்பூவையும் கோதுமையையும் சேர்த்துக் காய்ச்சினால் உயிர்ச்சக்தி கூட்டும் மருந்து தயார். கோதுமை ஒயிட்ரன் பண்ணைகளிலேயே விளைகிறது.

சேவ் செய்துகொண்டே இருங்கள்

மாதாந்திரப் பராமரிப்பு என்றால் கரண்ட் போவதற்கு அறிவிப்பாவது வரும். கோடை மழைக்காற்றில் போகும் கரண்டுக்கு அதுவும் கிடையாது. கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள் ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் எஃப்5 தட்டப் பழகுங்கள். அது பழைய பதிவின் மேலேயே எழுதிவிடும் என்பதால், நாளுக்கு ஒருமுறையாவது மெனுவுக்குள் போய்த் தனியாகவும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஸ்பெஷல் எடிஷன்’ பதிப்புக்கு 8 ஜிபி ரேமும் 12 ஜிபி இடமும் கேட்கும். சுமாரான கிராஃபிக்ஸ் கார்டு உள்ள பழைய கம்ப்யூட்டரே தாங்கும். புதிதாகக் கடன் வாங்கி எதையும் வாங்க வேண்டாம்.

மொழியும் வயதும்

ஸ்கைரிமில் தமிழ் கிடையாது. செட்டிங்ஸில் சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டு, பேசுவதை வாசித்தபடி ஆடுங்கள். ஆங்கிலம் தட்டுத்தடுமாறும் பிள்ளைகளுக்கு இதுவே ஒரு பயிற்சி. ஆனால் ரத்தமும் வெட்டும் இருப்பதால் கேம்களுக்கு வயது வரம்பு சொல்லும் அமெரிக்க வாரியம் இதற்கு 17 வயது என்று வரம்பு வைத்திருக்கிறது. பெற்றோர் அதை மதிக்க வேண்டும். நின்டெண்டோ கருவி உள்ள வீடுகளில், சின்னப் பிள்ளைகளுக்கு 2017-ல் வந்த ‘பிரெத் ஆஃப் த வைல்டு’ இருக்கிறது. பத்து வயதுக்கு மேல் ஆடலாம். பார்க்கும் குன்றையெல்லாம் ஏறித் தாண்டலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். யூடியூபில் இந்த கேமின் ஒவ்வொரு மூலைக்கும் விளக்க வீடியோ இருக்கிறது. முதல் ஒரு மாதம் அவற்றில் ஒன்றைக்கூடத் திறக்காதீர்கள். வழி தவறுங்கள், தோற்றுப் போங்கள், மறுபடி லோடு செய்து வேறு பாதையில் போங்கள். நீங்களாகக் கண்டுபிடித்த ஒரு குகை, பிறர் காட்டிய நூறு குகைகளைவிட நீண்ட நாள் மனதில் நிற்கும்.

(தொடரும்)