மலைப் பூவும் இனிய சர்பத்தும்

வேனில் தொடங்கியதும் நம் இல்லங்களில் நன்னாரி, எலுமிச்சைச் சர்பத்துகள் இடம்பெறுகின்றன. அதே பருவத்தில் வடக்கே இமயமலைச் சரிவுகளில் வாழும் குடியானவர்கள் காட்டு மலர் ஒன்றைச் சேகரித்துச் சர்பத்துக் காய்ச்சுகின்றனர். அம்மலருக்குப் புரான்ஸ் என்று பெயர். அதனைச் செய்யும் முறையையும், அதிலே கூட்டுறவாளர் கற்கத்தக்க பாடத்தையும் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

புரான்ஸ், ரோடோடென்ட்ரான் இனத்து மரம். உத்தரகாண்ட், இமாசலப் பிரதேச மலைகளில் சுமார் 1,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் வளர்கிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை செந்நிறக் கொத்துகளாகப் பூக்கிறது. உத்தரகாண்டின் மாநில மரமும் நேபாளத்தின் தேசிய மலரும் இதுவே. நீலகிரி, பழனி மலைகளில் காட்டுப்பூவரசு என வழங்கும் மரம் இதன் நெருங்கிய உறவாகும்.

செய்முறை எளிது. அன்று பறித்த பூவின் காம்பையும் மகரந்தத் தாள்களையும் நீக்கி, இதழ்களை மட்டும் நன்கு கழுவவேண்டும். ஒரு கிலோ இதழுக்கு ஒன்றரை லிட்டர் நீர் சேர்த்து, நிறம் நீரில் இறங்கும்வரை கொதிக்கவிட்டு, துணியில் பிழிந்து வடிக்கவேண்டும். பிறகு சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் காய்ச்சி, கொதிநீரில் இட்டெடுத்த புட்டிகளில் அடைக்கவேண்டும். புளிப்புப் பொருளாதலின் ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்கள் ஆகா. பருகும்போது ஒரு பங்குக்கு நான்கு பங்கு குளிர்ந்த நீர் கலப்பர்.

சர்க்கரை இனிப்புக்காக மட்டும் அன்று. அது நீரைத் தன்பால் பிணித்துக்கொள்வதால் பூஞ்சணம் வளர நீர் கிடைப்பதில்லை. ஒரு லிட்டர் சாற்றுக்கு ஒரு கிலோ சர்க்கரை இட்டால், எடையில் ஏறக்குறையப் பாதியே சர்க்கரை. அதனைக் குளிர்ந்த இடத்தில் வைத்து விரைவில் செலவிடவேண்டும். இரண்டு கிலோ இட்டால் மூன்றில் இரண்டு பங்காகும். அது நெடுநாள் தாங்கும். நன்னாரிக்கும் இக்கணக்கே பொருந்தும். விற்பனைக்குச் செய்வோர் 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு பெறுதல் அவசியம்.

ஓர் எச்சரிக்கை. ரோடோடென்ட்ரான் இனத்தில் பல வகைகளின் இலையிலும் தேனிலும் நஞ்சு உண்டு. துருக்கியின் கருங்கடற்கரையில் இவ்வினத்துப் பூக்களின் தேனை உண்டவர் மயக்கமுற்று நாடித்துடிப்புக் குறைவது நன்கறிந்த செய்தி. ஆகவே நிறம் ஒத்திருப்பதைக் கண்டு, தோட்டத்து அழகுச் செடிகளின் பூவைப் பயன்படுத்துதல் கூடாது.

இனி, முதன்மையான செய்திக்கு வருவோம். பறித்த பூ விதையாவதில்லை. தேனீக்கும் சிறு பறவைக்கும் உணவாவதுமில்லை. கிளையை ஒடித்தாலோ வரும் ஆண்டின் பூவும் போயிற்று. எட்டும் பூவில் ஒரு பகுதியை மட்டும் கையால் பறித்து, எஞ்சியதை மரத்திலேயே விடுவது அறிவுடைமை. ஆனால் ஒருவர் அளவோடு பறிக்க, மற்றொருவர் அளவின்றிப் பறித்தால் முன்னவரின் கட்டுப்பாடு வீணே. பொதுப்பொருளுக்கு அனைவரும் ஏற்கும் விதி வேண்டும். அம்மலைகளில் 1931 ஆம் ஆண்டு விதிகளின்படி தோன்றிய வனப் பஞ்சாயத்துகள், ஊரார் தம் காட்டைத் தாமே காக்க வழி வகுத்தவை.

நம் மலைச் சோலைகளின் காட்டுப்பூவரசைப் பறிக்குமாறு கூறுவது நம் நோக்கமன்று. அது அருகியே காணப்படுவது, காக்கப்படவேண்டியது. ஊர் ஏரியாயினும், மேய்ச்சல் நிலமாயினும், சங்கத்தின் பொதுநிதியாயினும் எடுப்பவர் பலர், அளவு ஒன்றே. அவ்வளவை நாமே வகுத்து நாமே காப்பதன்றோ கூட்டுறவு!